கூலியும் குழந்தையும்

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்துக் கான்சாபுரம் என்றோர் ஊர் உண்டு. 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் பெயரால் அவ்வூர் வழங்குகிறது என்பர். அவருடைய போர்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அவ்வூர் வரப்பொன்றில் அமர்ந்து ஒரு மூதாட்டியார் என்னிடம் சொன்ன கணக்கைப் பற்றியே பேச வந்தேன்.

"எட்டுப் பெற்றேன் ஐயா; தங்கியது ஐந்து. ஐந்தும் ஏழு வயதிலேயே தம் கஞ்சியைத் தாமே தேடிக்கொண்டன" என்றார் அவர்.

இதனை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. நான் அவ்வாறு எண்ணவில்லை. நன்செய் ஊரில் நடவும் அறுப்பும் சில கிழமைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். தாய் நாற்று நட இறங்கினால் மூத்த மகள் கைக்குழந்தையைச் சுமப்பாள். சிறுவன் பண்ணையார் வீட்டு மாடு மேய்த்து அங்கேயே உண்பான். வளர்க்கும் செலவு சிறிது. பயனோ விரைவில் கிட்டியது. பிறந்தவற்றுள் எத்தனை பிழைக்கும் என்பதும் தெரியாது.

கிழக்கே கரிசற்காட்டில் நிலைமை வேறு. அங்கே மழை பொய்த்தால் பெரியவர்க்கே வேலையில்லை. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். குச்சி அடுக்கினால் கட்டைக்கு இவ்வளவு, பெட்டி ஒட்டினால் குரோசுக்கு இவ்வளவு என்பது கூலி முறை. அதில் சிறுவிரல்கள் பெரியவிரல்களுக்குப் பின்தங்குவதில்லை! பின்னாளில் விடியுமுன்னே பேருந்துகள் சிற்றூர்களுக்கு வந்து சிறுமியரை ஏற்றிச் சென்றன. மலிவாகப் பிள்ளைகள் கிடைத்தமையால் பெற்றோர் கூலி உயரவில்லை. அது உயராமையால் பிள்ளைகள் சென்றனர்.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலிற் சிறுவரை அமர்த்துவதைத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தார் தாமே நடத்தும் பட்டறைகளுக்கு விலக்களித்தது. ஆகவே பெட்டி ஒட்டும் வேலை திண்ணைக்கு வந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. அப்பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர அரசு முயலவேண்டும் என்றும் கூறியது. நோயின் வேரைத் தொட்டது இப்பிற்பகுதியே என்பது என் கருத்து.

இதற்கு நெடுநாள் முன்னரே வேறொன்றும் நிகழ்ந்திருந்தது. காமராசர் 1956-இல் பள்ளிகளில் பரப்பிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் அந்த ஏழு வயதுக் கஞ்சியைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992-93-இல் 2.5, 2019-21-இல் 1.8.

மூதாட்டியாரின் பேத்தியும் அன்று அருகில் இருந்தாள். அவளுக்கு ஒரே மகன். "இவன் ஒருவனைப் படிக்கவைக்கவே எங்கள் இருவர் கூலியும் போதவில்லை" என்றாள்.