வட அட்லாண்டிக் வானில் இடைவெளிப் பிரமாணங்களின் வளர்ச்சி

நிலத்தின் மேல் பறக்கும் விமானத்தைக் கட்டுப்பாட்டாளர் ரேடார் திரையில் கண்டுகொண்டே இருக்கிறார். ஆனால் கரையைவிட்டுச் சுமார் 200 கடல் மைல் சென்றபின், பூமியின் வளைவு குறுக்கிட, அந்தக் காட்சி மறைந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் சமுத்திர வானத்தில் இரு விமானங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விட்டால் போதும் என்ற பிரச்சினை, இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலந்தொட்டு நிபுணர்களின் விவாதத்துக்கு உரிய விஷயமாக இருந்துவருகிறது. அந்தத் தூரம் படிப்படியாகச் சுருங்கிய சரித்திரத்தை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும்: விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தது என்பதைவிட, அது எங்கே பறக்கிறது என்பதைக் கரையில் இருப்பவர் எவ்வளவு நிச்சயமாக அறிந்திருந்தார் என்பதே இடைவெளியை நிர்ணயித்துவந்திருக்கிறது.

1946ஆம் ஆண்டு டப்ளின் நகரில் கூடிய சர்வதேச மாநாடு இப்பிராந்தியத்தின் விமானப் போக்குவரத்துக்கு முதல் ஒழுங்கை வகுத்தது. அந்நாட்களில் விமானத்தில் தனியாக ஒரு வழிகாட்டி அமர்ந்து, நட்சத்திரங்களை அளந்தும் ரேடியோ சமிக்ஞைகளைக் கேட்டும், நடுக்கடலில் நிறுத்தப்பட்டிருந்த வானிலைக் கப்பல்களைத் துணைக்கொண்டும் தம் இருப்பிடத்தைக் கணித்தார். பிற்காலத்தில் பத்துப் பாகை தீர்க்கரேகைக்கு ஒரு முறை, அதாவது ஜெட் விமானத்துக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, இருப்பிடத்தை நெடுந்தூர ரேடியோவில் அறிவிப்பது வழக்கமாயிற்று. அதைக் கேட்டவர் கட்டுப்பாட்டாளரும் அல்லர். அயர்லாந்தின் பாலிகிரீன் போன்ற நிலையத்தில் இருந்த ரேடியோ ஊழியர் அதை எழுதிக்கொண்டு அவருக்கு அனுப்பிவைத்தார். செய்தி வந்துசேர்ந்தபோது விமானம் வேறோர் இடத்தில் இருந்தது. இத்தகைய நிலையில் பக்கவாட்டில் 120 கடல் மைல், அதாவது இரண்டு பாகை அட்சரேகை, இடைவெளி விதிக்கப்பட்டதை மிகையான ஜாக்கிரதை என்று நான் கருதவில்லை.

ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. ஜெட் விமானங்கள் பெருகப் பெருக, எதிர்காற்றுக் குறைந்த பாதையை நாடிய அனைவருக்கும் இடமில்லாமல் போயிற்று; பலர் தொலைவான பாதையிலும் தாழ்ந்த உயரத்திலும் எரிபொருளை விரயம் செய்ய நேர்ந்தது. 1960களின் நடுவில் இடைவெளியை 90 மைலாகக் குறைக்க முயற்சி நடந்தபோது விமானிகள் கடுமையாக எதிர்த்தனர். போதும் என்றவர்க்கும் போதாது என்றவர்க்கும் அதுவரை அனுபவமும் அபிப்பிராயமுமே ஆதாரமாக இருந்தன. அந்த விவாதத்தைக் கணிதத்தின் பக்கம் திருப்பியவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரைக். அவர் 1966இல் வெளியிட்ட ஆய்வில், இரு விமானங்கள் பக்கவாட்டிலும், உயரத்திலும், முன்பின்னாகவும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் சாத்தியத்தைத் தனித்தனியே கணித்து இணைக்கும் முறையை வகுத்தார். இதற்கு வேண்டிய தகவலோ எளிதில் கிடைப்பதன்று. கடலைக் கடந்து கரையை நெருங்கும் விமானங்கள் தம் பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கரையோர ரேடார்களால் பொறுமையாக அளந்து சேர்க்க வேண்டியிருந்தது. நூறு கோடிப் பறப்பு மணி நேரத்துக்கு இத்தனை விபத்துக்கு மேல் கூடாது என்ற பாதுகாப்பு இலக்கை முதலில் நிர்ணயித்து, இடைவெளியை அதிலிருந்து வருவிக்கும் பிற்கால முறைக்கு இதுவே அஸ்திவாரம். இந்த வரலாற்றில் எந்தக் கருவியின் வருகையையும்விட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னர், வெளியுதவியின்றித் தானே இருப்பிடத்தைக் கணிக்கும் ஜடத்துவ வழிகாட்டிக் கருவி வந்து, மனித வழிகாட்டியின் இடத்தைக் கைக்கொண்டது. 1977இன் இறுதியில், குறிப்பிட்ட வழிகாட்டும் திறன் உள்ள விமானங்களுக்கே இவ்வானத்தின் உயர்ந்த பகுதி என்று விதி பிறந்தது. அதன் பயனாகவே பக்கவாட்டு இடைவெளி 60 மைலாக, அதாவது ஒரு பாகையாக, இறங்கிற்று.

இங்கே விமான நிறுவனத்தின் டிஸ்பாச்சர் ஆற்றும் பணியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின்படி பயணத்தின் பாதுகாப்புக்கு விமானியோடு கூட்டாகப் பொறுப்பேற்பவர் அவர். காற்றுமண்டலத்தின் அன்றைய நிலையை ஆராய்ந்து தமக்கு உகந்த பாதைகளை நிறுவனங்கள் முன்கூட்டியே தெரிவிக்கும். அவற்றைக் கருத்தில் கொண்டு, பகலில் மேற்கு நோக்கிய பாதைகளை ஷானன், பிரெஸ்ட்விக் நிலையங்களின் இணைப்பாகிய ஷான்விக்கும், இரவில் கிழக்கு நோக்கியவற்றைக் கனடாவின் காண்டர் நிலையமும் நாள்தோறும் புதிதாக வகுத்து அறிவிக்கும். கேட்ட பாதையும் உயரமும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமையால், தாழ்ந்த உயரத்தில் அடைபட்டாலும் போதுமான எரிபொருளை டிஸ்பாச்சர் ஏற்றிவிட வேண்டும். அவ்வாறு ஏற்றிய பாரமே மேலும் எரிபொருளைத் தின்னும். எனவே இடைவெளியில் குறையும் ஒவ்வொரு மைலும் அவருடைய கணக்கில் உடனே பிரதிபலிக்கும்.

1987 ஜூலை 8 அன்று நிகழ்ந்தது, கருவியின் துல்லியம் மனிதப் பிழையைத் தடுக்காது என்பதைக் காட்டிற்று. லண்டனிலிருந்து அமெரிக்கா சென்றுகொண்டிருந்த ஒரு விமானம் தன் பாதையைவிட்டு ஏறத்தாழ 60 மைல் விலகி, அடுத்த பாதையில் பறந்த மற்றொன்றுக்கு நூறு அடிக்கும் குறைவான தூரத்தில் கடந்துபோயிற்று. வழிகாட்டிக் கருவியில் வழிப்புள்ளியைத் தவறாகப் பதித்ததே காரணம் என்று தெரியவந்தது. ஒரு பாகைத் தவறு இம்முறையில் அடுத்த பாதையிலேயே கொண்டுபோய் விடும். ஆகவே சிறுபிழைகளின் சராசரியைவிட, அபூர்வமான பெரும்பிழைகளே உண்மையான அபாயம் என்ற உணர்வு வலுப்பெற்றது.

உயர இடைவெளியிலும் மாறுதல் வந்தது. 29,000 அடிக்கு மேல் காற்றழுத்தக் கருவியின் நம்பகம் குறையுமென்று 2,000 அடி விட்டுவந்தனர். ஸ்டிரம்பிள், காண்டர் ஆகிய இடங்களின் அளவை நிலையங்கள் விமானங்களின் உண்மை உயரத்தைப் பரிசோதித்துத் துணைநிற்க, 1997 மார்ச் 27 முதல் 33,000 அடியிலிருந்து 37,000 அடிவரை அது 1,000 அடியாயிற்று. உலகில் இச்சீர்திருத்தம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது இவ்வானத்தில்தான்.

செயற்கைக்கோள் வழிகாட்டல் பரவியபின் விசித்திரமான ஒரு சங்கடம் எழுந்தது. முன்பெல்லாம் விமானங்கள் கோட்டிலிருந்து சற்றே சிதறிப் பறந்ததால், ஒன்று தவறான உயரத்துக்கு இறங்கினாலும் கீழே உள்ளது நேர்கீழே இருப்பது அரிது. இப்பொழுதோ எல்லாமே ஒரே கோட்டில் இம்மியும் பிசகாமல் செல்வதால், உயரத்தில் நேரும் பிழை நேரே மோதலில் முடியக்கூடும். அதனால் 2004 முதல், கோட்டின் வலப்புறம் ஒன்று அல்லது இரண்டு மைல் விலகிப் பறக்க விமானிகளுக்கு வழிவகுக்கப்பட்டது. துல்லியம் பறித்த சிதறலை விதியே மீண்டும் உண்டாக்கியது. ரைக் கற்பித்த சிந்தனை முறை இல்லாதிருந்தால் இந்த அபாயத்தை யாரும் உணர்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

2015இல், செயற்கைக்கோள் வழியே தானாக இருப்பிடம் அறிவிக்கும் விமானங்களுக்காக, அரைப்பாகை இடைவெளிப் பாதைகள் தோன்றின. 2019 வசந்தகாலத்தில் இரிடியம் செயற்கைக்கோள்களில் பொருத்தப்பட்ட வாங்கிகள், விமானங்களின் சமிக்ஞையைச் சில விநாடிகளுக்கு ஒரு முறை பிடித்துக் கரைக்கு அனுப்பத் தொடங்கவே, தகுந்த வசதியுள்ள இரு விமானங்களுக்கிடையே முன்பின்னாக 14 மைல், பக்கவாட்டில் 19 மைல் என்ற பிரமாணம் பரீட்சார்த்தமாக அமலுக்கு வந்தது. 2022 மார்ச் முதல் 33,000 அடியிலும் அதற்குக் கீழும் வகுத்த பாதைகளே கைவிடப்பட்டன. அவ்வுயரங்களில் தம் விமானத்தின் பாரத்துக்கும் அன்றைய காற்றுக்கும் ஏற்ற வழியை டிஸ்பாச்சரே தேர்ந்துகொள்கிறார்.