“அடுப்பு வெடித்து இளம்பெண் பலி”: ஒரு சட்ட வரலாறு

1970களின் இறுதியிலும் 1980களிலும் ஸ்டவ் வெடித்து இளம்பெண் இறந்தார் என்ற செய்தி இந்திய நாளிதழ்களில் அடிக்கடி வந்தது. பெரும்பாலும் அது விபத்து என்றே முடிக்கப்பட்டது. மாமியாரும் நாத்தனாரும் சமைக்கும் அதே அடுப்பு மருமகளை மட்டும் ஏன் எரிக்கிறது என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. 1979இல் தில்லியில், இறந்த பெண்ணின் புகுந்த வீட்டு வாசலிலேயே போராட்டம் நடந்தது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. அதற்காக நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் முதன்முறையாகக் கூட்டாகக் கூடின. ஆனால் அன்றைய சட்டத்தில் அதிகபட்சச் சிறைத் தண்டனை ஆறு மாதமே. காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்கவும் வழியில்லை.

போராட்டங்களுக்குப் பின் சட்டம் இரு கட்டங்களாக மாறியது.

1983: கணவரோ அவரது உறவினரோ செய்யும் கொடுமை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவில் குற்றமானது. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, ஐயத்துக்குரிய வகையில் இறந்தாலோ நிர்வாக நடுவர் விசாரிக்கவும் வழி செய்யப்பட்டது. தமிழ்நாட்டுச் செய்திகளில் நாம் காணும் “ஆர்.டி.ஓ. விசாரணை” இதுவே.

1986: 304பி பிரிவு “வரதட்சணை மரணம்” என்ற தனிக் குற்றத்தை உருவாக்கியது. தண்டனை குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள்வரை நீளலாம். மரணத்துக்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்தது நிறுவப்பட்டால், மரணத்துக்குக் காரணம் அவர்களே என நீதிமன்றம் அனுமானிக்கும். நான்கு சுவருக்குள் நடப்பதற்கு வெளிச்சாட்சி கிடைப்பதில்லை என்பதே இவ்விதி பிறந்த காரணம். 2024 ஜூலை 1 முதல் இக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவில் உள்ளது.

இருந்தும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் பதிவுசெய்த வரதட்சணை மரண வழக்குகள் 6,450. எட்டாம் ஆண்டில் நிகழும் மரணங்கள் இக்கணக்கில் சேரா.

பணத்தாசை மட்டும் இதற்குக் காரணமன்று. பல பெண்கள் தங்கள் துன்பத்தை முதலில் பிறந்த வீட்டில்தான் சொல்கிறார்கள். “வாழாவெட்டி” என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி, “கொஞ்சம் பொறுத்துப் போ” என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் உள்ளது. சட்டத்தின் விசாரணை பெண் இறந்த பிறகு தொடங்குவது. அவள் உயிரோடு திரும்பி வரும் நாளில் கதவைத் திறக்க வேண்டியவர்கள் பெற்றோரே.