மூர் மார்க்கெட்டும் மறைந்துபோன முத்திரைகளும்

சென்னை சென்ட்ரலை ஒட்டிப் புறநகர் மின்வண்டிகள் புறப்படும் நிலையத்திற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். அரக்கோணத்திற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நாள்தோறும் சென்று வரும் இளைஞர்களிடம், அங்கே என்ன மார்க்கெட் இருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். ஐம்பதைக் கடந்துவிட்ட நமக்கோ, அப்பெயரைக் கேட்டதும் பழம்புத்தக வாசனையும், கூண்டுக் கிளிகளின் கூச்சலும், ஏதோ ஒரு கடையில் சுழன்றுகொண்டிருந்த கிராமபோனின் கரகரப்பும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், பிராட்வேயில் இருந்த பாப்பம் மார்க்கெட் நெரிசலால் திணறியது. அதற்கு மாற்றாகப் புதியதொரு சந்தை வேண்டுமென்று மாநகராட்சி முடிவு செய்தது. மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். ஆர். இ. எல்லிஸ் வரைந்த திட்டப்படி சுப்பிரமணிய ஐயர் கட்டிமுடிக்க, 1900இல் சந்தை திறக்கப்பட்டது. சிவந்த செங்கற்சுவர்கள், வரிசை வரிசையான வளைவுகள், நடுவே திறந்த முற்றம், அதைச் சுற்றிலும் கடைகள் என அமைந்த அழகிய கட்டடம் அது. சர் சார்லஸ் டிரெவிலியன் 1859இல் தோற்றுவித்த மக்கள் பூங்காவும், அதன் உயிரியல் காட்சிச்சாலையும் அருகிலேயே இருந்தன. வெளியூரிலிருந்து சென்ட்ரலில் வந்து இறங்கும் குடும்பங்கள் முதலில் விலங்குகளைப் பார்த்துவிட்டு, பிறகு மூர் மார்க்கெட்டுக்குள் நுழைவது வழக்கம்.

அன்றாடத் தேவைக்கான பொருள்களுக்கென்று எழுப்பப்பட்ட அச்சந்தை, காலப்போக்கில் பழம்பொருள்களின் புகலிடமாயிற்று. அட்டை கிழிந்த நூல்கள், கைமாறிய கடிகாரங்கள், பொம்மைகள், வளர்ப்புப் பறவைகள், ஒரு காது உடைந்த பீங்கான் குவளை என எதுவும் அங்கே கிடைக்கும். சொன்ன விலையில் கால்பங்கிலிருந்து பேரத்தைத் தொடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஏமாந்து திரும்பியவர்களும் உண்டு. ஏமாந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. சிறு வயதில் பெரியவர்களின் கைப்பிடித்து நாமும் அங்கே நடந்திருக்கிறோம்.

நம் உள்ளத்தை மிகுதியும் ஈர்த்தவை பழைய இசைத்தட்டுகளே. அவற்றின் நடுவே வட்டமாக ஒட்டப்பட்டிருந்த வண்ணத் தாள்களில், இன்று கடைவீதியில் எங்கும் காணக்கிடைக்காத முத்திரைகள் இருந்தன: ஓடியன், கொலம்பியா, ட்வின், பிராட்காஸ்ட். கிராமபோன் குழாயின் முன் செவிசாய்த்து நிற்கும் நாயின் படத்தை எழுத்தறியாதவர்களும் அறிவர். அதனால் ஹெச்.எம்.வி. தட்டு நம் மக்களிடையே 'நாய் மார்க்' ஆயிற்று.

இத்தட்டுகளின் வரலாறு சுவையானது. 1902இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகிக் கப்பலேறித் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தொடங்கப்பட்ட பின்னரே அப்பயணம் நின்றது. தட்டின் முதன்மைச் சரக்கு அரக்கு. மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். மணிக்கணக்கில் ஒரே இராகத்தை விரித்துப் பாடிய மேதைகள் அந்த மூன்று நிமிடத்திற்குள் தம் கலையைச் சுருக்கிக் கொடுத்தனர். சென்னையில் ஓடியன் தட்டுகளை விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தின் பங்குதாரர்களுள் ஒருவரே, பின்னாளில் படத்தயாரிப்பில் புகழ்பெற்ற ஏ. வி. மெய்யப்பன்.

முத்திரைகள் மறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 1931இல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. என்னும் ஒரே குடையின்கீழ் வந்தன. சிறு நிறுவனங்கள் போட்டியில் நிலைக்கவில்லை. எளிதில் உடையாத, நெடுநேரம் ஒலிக்கும் வினைல் தட்டு வந்ததும் அரக்குத் தட்டின் காலம் சரிந்தது. ஆயினும் நம் நாடு அதை எளிதில் கைவிடவில்லை. பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள்கூட 1960களில் இங்கே 78 சுற்றுத் தட்டுகளாக வெளிவந்தன என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஒலிநாடா வீடுதோறும் புகுந்தபின், பரணிலிருந்த தட்டுகள் எடைக்குப் போயின. அவ்வாறு போனவற்றுள் தப்பியவை பல மூர் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தன.

இதை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்குவோர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை எண்ணிப் பார்க்கட்டும். நாடக மேடையில் தமிழகத்தை மயக்கிய அவர், 1933 டிசம்பரில் தமது இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழில் பேசும்படம் தோன்றியதோ 1931இல்தான். எந்தப் படத்திலும் அவர் நடிக்கவில்லை. ஆகவே அவர் குரல் இன்று நமக்குக் கிடைக்கிறதென்றால், அது அந்த அரக்குத் தட்டுகளின் வழியாகவே. ஒரு தட்டு உடைந்தால் பாட்டு ஒன்று போகிறது. அதற்கு வேறு படி இல்லையெனில் அது என்றென்றைக்குமாகப் போகிறது. அவற்றைக் காத்தவர்கள் யார்? பதிவு செய்த நிறுவனங்கள் பலவும் கலைந்துவிட்டன. அரசோ பல்கலைக்கழகமோ அன்று கைநீட்டவில்லை. நாள் வருமானத்தை நம்பியிருந்த கடைக்காரர்களே அவற்றைத் தூசு தட்டி அடுக்கி வைத்தனர். எந்தத் தட்டு அரியது, எது எங்கும் கிடைப்பது என்று அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும். நூல்களின் கதையும் இதுவே. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகம் எழுந்ததை நாம் அறிவோம். பழம்புத்தக வணிகர்கள் இல்லையேல் அத்தகைய சேமிப்புகள் எங்கிருந்து தோன்றியிருக்கும்?

சென்ட்ரல் நிலையத்தை விரிவாக்க மூர் மார்க்கெட் நிலத்தை இரயில்வே நெடுங்காலம் கேட்டுவந்தது. இந்நிலையில் 1985 மே மாதத்தில் சந்தை தீக்கிரையாயிற்று. தீயின் காரணத்தைப் பற்றி ஊரில் பலவாறு பேசினார்கள். பேச்சைக் கொண்டு எவரையும் குற்றவாளியாக்க நாம் துணியோம். ஆனால் காகிதமும் மரமும் அரக்கும் நிறைந்த ஓரிடத்தில் தீ என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஆண்டில் உயிரியல் காட்சிச்சாலையும் வண்டலூருக்குப் பெயர்ந்தது. சந்தை இருந்த இடத்தில் மின்வண்டி நிலையம் எழுந்தது. பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றும் நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் வைக்கப்பட்டது.

மூர் மார்க்கெட்டைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் வளைவுகளையும் செங்கல்லையும் நினைத்து உருகுகின்றனர். அந்த உருக்கம் நமக்குச் சற்று நெருடலாகவே இருக்கிறது. கடையிழந்த வணிகர்களுக்கு அல்லிக்குளம் பகுதியில் வணிக வளாகம் கட்டித் தரப்பட்டது உண்மையே. ஆனால் தற்செயலாக நுழைந்து, தேடாததைக் கண்டெடுக்கும் கூட்டத்தைக் கட்டித் தர இயலுமா? நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் கண்ணில் பட்ட சந்தை அது. புதிய இடத்திற்குத் தேடிக்கொண்டுதான் போக வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பொருளறிவு, வாங்க ஆளில்லாமல் அவர்களோடு முடங்கிற்று.

நம் வாசகர் வீட்டுப் பரணில் இத்தட்டுகள் ஏதேனும் இன்னும் கிடந்தால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்த வேண்டாம். செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரக்கு வளைந்துவிடும். தூசு துடைக்க ஸ்பிரிட் மட்டும் கூடவே கூடாது, அரக்கு அதில் கரையும். நடுவிலுள்ள தாளைச் சுரண்டாதீர்கள். பாடியவரின் பெயரும் பதிவு எண்ணும் அதில்தான் இருக்கின்றன.