கீறலைச் சுற்றி இருப்பது

கீறலை யாராலும் அழிக்க முடியாது. பொருள் பெயர்ந்துபோன இடத்துக்குத்தான் கீறல் என்று பெயர். இல்லாத ஒன்றை எப்படி அழிப்பது? முடிந்ததெல்லாம், சுற்றி மிச்சமிருக்கும் பரப்பை அந்தப் பள்ளத்தின் அடிவரை தேய்த்து இறக்குவதுதான். மேடு முழுக்கப் பள்ளத்தின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளம் தெரியாது. பழைய கேம் பாய் ஒன்றின் திரையைப் பாலிஷ் போட்டுப் புதுசாக்குகிறவர் செய்வது இந்த வேலையைத்தான்.

கேம் பாய் 1989 ஏப்ரலில் ஜப்பானில் 12,500 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். அவர் 1965இல் நிண்டெண்டோவில் சேர்ந்தபோது அது ஹனாஃபுடா சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனி. சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பராமரிப்பது அவர் வேலை. அந்த மெக்கானிக் புத்தி கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை. எல்லாரும் பயன்படுத்திப் பழசாகி, மலிவாகி, கோளாறுகள் எல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புது உபயோகம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேம் பாய் திரையில் வண்ணம் கிடையாது, பின்விளக்கு கிடையாது. 160க்கு 144 புள்ளிகள், நாலே நாலு சாயல். போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் இரண்டிலும் வண்ணத்திரை. ஆனால் அவை 6 பேட்டரிகளை வைத்துச் சில மணி நேரம் ஓடுவதே பெரிய விஷயம். கேம் பாய் 4 பேட்டரியில் அவற்றைவிடப் பல மடங்கு நேரம் ஓடியது. ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன.

அந்தத் திரைக்கு மேலே இருக்கும் மூடி கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக் தகடு. பிளாஸ்டிக்கின் நல்ல குணம், கீழே விழுந்தால் சில்லுசில்லாகத் தெறிக்காது. கெட்ட குணம், எது பட்டாலும் கோடு விழும். சாவியும் சில்லறையும்தான் எதிரி என்று நினைக்கிறோம். உண்மையில் பெரிய எதிரி தூசி. தெருத்தூசியில் குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. இந்த மாதிரித் தகடுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் அக்ரிலிக் 3ஐ ஒட்டித்தான் நிற்கும். சட்டை நுனியால் திரையைத் துடைச்சுட்டு விளையாட ஆரம்பிப்போமே, அப்போதுதான் பாதிக் கீறல்கள் விழுகின்றன.

அக்ரிலிக்குக்கு இது புதிய தலைவலி இல்லை. ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் அதைப் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் பதிவுசெய்தது; பிரிட்டனில் பெர்ஸ்பெக்ஸ் என்று வந்தது. இரண்டாம் உலகப்போரில் போர்விமானங்களின் மேல்மூடி அதில்தான் செய்யப்பட்டது. வானத்தைத் துழாவும் விமானிக்குக் கண்முன்னே ஒரு புள்ளியோ கோடோ இருந்தால் எதிரி விமானம்போலத் தோன்றலாம்; எதிரி விமானம் அதன் பின்னால் மறையவும் செய்யலாம். ஆகவே மூடியைத் துடைத்து மெருகேற்றுவது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. விமான ஜன்னல்களைத் தேய்க்க உருவான மிக நுண்ணிய உப்புத்தாள்களை இன்று கேம் பாய்க்காரர்களும் வாங்குகிறார்கள்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் கீறலை நகத்தால் வருடிப் பார்க்கணும். நகம் மாட்டவில்லையென்றால் பிளாஸ்டிக் பாலிஷ் மட்டும் போதும். பற்பசையும் வேலை செய்யும். அதிலுள்ள சுண்ணாம்புத் தூளும் சிலிக்காவும் உரசும் பொருட்கள்தானே. குத்துவிளக்கு தேய்க்கிற பிராஸோவைத் தொடுகிறவர்களும் உண்டு. நகம் மாட்டினால் தண்ணீர் தொட்டு 1500ஆம் நம்பர் தாள், பிறகு 2000, பிறகு 3000. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய தாளின் கோடுகள் குறுக்கே தெரியும். அவை மறைந்தபிறகே அடுத்த தாள். நடுவில் திரை முழுக்கப் பால்போல வெளுத்துவிடும், ஆரம்பித்ததைவிட மோசமாக. முதல்முறை செய்கிறவர்கள் பயந்து நிறுத்துவது இங்கேதான். அவசரப்பட்டு டிரில்லில் பஞ்சை மாட்டிச் சுற்றினால் அதைவிட ஆபத்து: 100 டிகிரியை ஒட்டி அக்ரிலிக் இளகிவிடும்.

இதில் என்ன நடக்கிறது என்பதை நியூட்டன் 1704இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில் எழுதிவிட்டார். மெருகேற்றும் தூள் கண்ணாடியைச் சுரண்டத்தான் செய்கிறது. தூள் நுண்மையாக ஆக, கீறல்களும் நுண்மையாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன என்பது அவர் விளக்கம். இன்றைய மொழியில் சொன்னால், கீறல்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிதாகிவிட்டால் ஒளி சிதறுவது அநேகமாக நின்றுவிடும். பளபளப்பு என்று நாம் சொல்வது கண்ணுக்கு எட்டாத கோடானுகோடிக் கீறல்களைத்தான். ஒரு பெரிய கீறலைக் கொடுத்து லட்சம் சின்னக் கீறல்களை வாங்கிக்கொள்கிறோம்.

கீறலோடு மல்லுக்கட்டுவதற்கு நிண்டெண்டோவே வேறு வழியும் வைத்திருந்தது. 1982இன் இரட்டைத்திரை கேம் அண்ட் வாட்ச் புத்தகம்போல மடியும். 2003இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியும் அப்படியே. திரையைக் கடினமாக்குவதற்குப் பதில் ஒரு கீல்; யோகோய் பாணித் தீர்வு. ஆனால் 2004இன் நிண்டெண்டோ டிஎஸ் கருவியில் கீழ்த்திரையைக் குச்சியால் தொட்டுத்தான் விளையாட வேண்டும். அழுத்தினால் வளைகிற மெல்லிய படலம் அது. உப்புத்தாள் பட்டால் கருவியே போச்சு. 2007 ஜனவரியில் பிளாஸ்டிக் முகத்தோடு காட்டப்பட்ட ஐபோன், ஜூனில் கடைக்கு வரும்போது கண்ணாடிக்கு மாறியிருந்தது. அதன்பின் நம் கையிலிருக்கும் கருவிகள் கீறுவது குறைந்து, உடைவது அதிகமாயிற்று. கீறிய பிளாஸ்டிக்கை வீட்டில் உட்கார்ந்து சரிசெய்யலாம். உடைந்த கண்ணாடியை மாற்றத்தான் முடியும்.

இப்போது கேம் பாய்க்கும் கண்ணாடி மூடி தனியாகக் கிடைக்கிறது. பழைய தகட்டைப் பெயர்த்துவிட்டு இதை ஒட்டினால் அரைமணியில் வேலை முடிந்தது. பாலிஷ் போடுவதா, மாற்றுவதா என்பது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. பத்து வருஷம் ஒரு குழந்தையின் கையிலும் பையிலும் கிடந்த பொருளில், அந்தப் பத்து வருஷம் பதிந்திருக்கிற இடம் அநேகமாக அந்தத் தகடு ஒன்றுதான். உள்ளேயிருக்கும் சில்லுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பேணுகிறவர்கள் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்: செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? மூடியை மாற்றினால் பழையதை ஒரு டப்பாவில் எடுத்துவைக்கலாம். தேய்த்தால் வழியில்லை, தூளாகத் தண்ணீரோடு போய்விட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், அசலைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தேய்க்கிறவரே அசலை அதிகம் இழக்கிறார்.

வளைகுடாப் போரில் குண்டுவீச்சில் கருகிய ஒரு கேம் பாய், நியூயார்க்கிலிருக்கும் நிண்டெண்டோ கடையில் பல வருடங்கள் காட்சிக்கு இருந்தது. முகப்பு வெந்து கொப்பளித்திருக்கும். உள்ளே டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் புதுசாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. புதுசாக்கினால் அது கோடிக்கணக்கில் விற்றதில் இன்னொன்று, அவ்வளவுதான்.

அதற்காக எல்லாத் திரையையும் அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. பின்விளக்கு இல்லாத அந்த மங்கல் திரையில் கீறலும் சேர்ந்தால் விளையாடவே முடியாது. விளையாட முடியாத கேம் பாய் யோகோய்க்குப் பிடித்திருக்காது. விழுகிற கட்டை தெரிகிற அளவுக்குத் தேய்த்தால் போதும். ஓரத்தில், எழுத்துகளுக்குப் பக்கத்தில், பார்வைக்குக் குறுக்கே வராத கீறல் ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கும் மேலே தேய்ப்பது விளையாடுவதற்காக இல்லை.