எது குறைந்த விலை? திருப்பூர்த் தொழிலாளர் குடியிருப்பும் ஒப்பந்தப்புள்ளிச் சட்டமும்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேரும் ஒரு குடும்பம் லைன் வீடு தேடும்போது முதலில் அட்வான்ஸைக் கேட்கும். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் நடந்தே வீடு சேர முடியுமா என்றும் கேட்கும். அதே குடும்பத்துக்காக அரசு வீடு கட்ட முனையும்போது, தகுதி பெற்ற ஒப்பந்ததாரர்களிடையே பெரும்பாலும் கட்டுமானத் தொகை ஒன்றே முடிவைச் சொல்கிறது. இதற்குச் சட்டம் காரணமன்று, சட்டத்தை வாசிக்கும் பழக்கமே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்கச் சொல்கிறது. அந்தக் ‘குறைவை’ எப்படிக் கணிப்பது என்பதையும் அப்பிரிவே சொல்கிறது: ஆவணத்தில் குறிப்பிட்ட, புறவயமாக அளக்கத்தக்க கூறுகளைக் கொண்டு, அவற்றுக்கு உரிய எடை அளித்துக் கணிக்க வேண்டும். பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை அளக்க முடியும். லிஃப்ட் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஓடும் என்பதையும் அளக்க முடியும். எடை தருவது வேண்டியவர்களுக்குச் சலுகையாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சமே இச்சட்டத்தின் தாய். ஆகவே எடைகள் எண்களாக, முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். ஒன்றிய நிதி அமைச்சகமும் 2021 அக்டோபரில், தேர்ந்தெடுத்த பணிகளில் தரத்துக்கு 30 விழுக்காடு வரை எடை தரலாம் என்றது. வியன்னா 1995 முதல் மானிய வீடுகளுக்குப் போட்டி நடத்துகிறது. அங்கே செலவோடு வடிவமைப்பும் சூழலியலும் மதிப்பிடப்படுகின்றன.

விலையை மட்டும் பார்த்ததால்தான் அரசுக் குடியிருப்புகளின் எல்லாக் குறைகளும் வந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கைபட்டாலே உதிர்ந்தது. குடியேறிய மக்கள் அதைக் காட்டிய பிறகே சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டார்கள். திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்கு இது நேராது. பையர் சாம்பிளை ஒப்புக்கொண்ட பிறகே துணி வெட்டப்படும். தையலிலும் செக்கிங், பேக்கிங்கிலும் செக்கிங். அந்தச் சட்டையைத் தைத்தவரின் வீட்டுக்கு அதே கண்டிப்பு கிடைக்காதது வேதனையானது.

கூட்டாகக் கொள்முதல் செய்வதும் இவ்வூருக்குப் புதிதல்ல. லாரித் தண்ணீரை நம்பியிருந்த தொழிலுக்காக 1995-இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் உருவானது. அரசும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தனியார் முதலீட்டாளரும் அதில் கைகோத்தார்கள். பவானி ஆற்றிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் 30 ஆண்டு ஒப்பந்தம் அதனுடையது. தொழிற்சாலைகள் கூடுதல் கட்டணம் தர, அதே குழாய் வழியோர ஊர்களுக்கும் நீர் தந்தது. கட்டியவரே நடத்தவும் வேண்டியிருந்ததால் கட்டுமானத்தின் தரம் அவருடைய சொந்தக் கவலையாயிற்று. வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. மற்றொரு பாடமும் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நீரின் தேவை சரிந்தது. ஒரே தொழிலின் வருவாயை நம்பிய நீண்ட ஒப்பந்தம் எவ்வளவு ஆட்டங்காணும் என்பதை அது காட்டியது. வாடகைக் குடியிருப்பில் அந்த இடர் முழுவதையும் நடத்துபவர்மீது ஏற்றினால், அவர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார். காலி வீட்டு இழப்பில் ஒரு பங்கை அரசு ஏற்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த 18,720 படுக்கை விடுதி பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது ஒரு பெரிய ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கானது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் திருப்பூர்த் தொழிலாளி கம்பெனி மாறிக்கொண்டே இருப்பவர். பலர் குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்களுக்குப் படுக்கை போதாது, வீடு வேண்டும். 2020-இல் அறிவிக்கப்பட்ட மலிவு வாடகை வளாகத் திட்டத்தின் 25 ஆண்டுச் சலுகை ஒப்பந்தம் இதற்கு நெருக்கமான வடிவம். முதலிபாளையத்தில் அதைப் பயன்படுத்தினால் பராமரிப்புக்கும் நடைதூரத்துக்கும் எடை தந்து, வாடகை ஒப்பந்தத்தைத் தொழிலாளியின் பெயரிலேயே எழுத வேண்டும். கம்பெனி மாறும் மாதத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாற வேண்டியிராது.