கிஷி திறந்தவெளி அருங்காட்சியகம்

ரஷ்யாவின் வடமேற்கில், கரேலியக் குடியரசின் ஒனேகா ஏரித் தீவான கிஷியில் 1966இல் நிறுவப்பட்ட இவ்வருங்காட்சியகம், சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து கழற்றிக் கொணர்ந்து மீண்டும் பூட்டப்பட்ட மர வீடுகள், தானியக் களஞ்சியங்கள், சிற்றாலயங்கள் ஆகியவற்றைக் காத்துவருகிறது. தீவிலேயே எழுப்பப்பட்டதும் தச்சுக்கலையின் உச்சங்களுள் ஒன்று எனத் தயங்காமல் சொல்லத்தக்கதுமான உருமாற்றத் தேவாலயம் (1714) 22 குவிமாடங்களுடன் ஏறத்தாழ 37 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அது ஆணியே இல்லாமல் கட்டப்பட்டது என்ற பரவலான கூற்று முழுமையாகச் சரியன்று: பைன் மரத்தடிகளை மூலைகளில் வெட்டிக் கோத்த சுவர்களுக்கு ஆணி தேவைப்படவில்லையாயினும், குவிமாடங்களைப் போர்த்தியுள்ள, வெயிலிலும் மழையிலும் வெள்ளிநிறம் பெறும் ஆஸ்பென் மரச் சில்லோடுகள் ஆணியால் அறையப்பட்டவை.

1876ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒஷேவ்னெவ் குடும்பத்தின் வீட்டில், நீண்ட பனிக்காலத்தை முன்னிட்டு, குடியிருப்பும் தொழுவமும் வைக்கோல் மாடியும் ஒரே கூரைக்குள் அமைந்துள்ளன. குதிரைவண்டி மாடிவரை ஏறுவதற்கெனச் சாய்ந்த மரப்பாதையும் உண்டு.

யுனெஸ்கோ 1990இல் உலக மரபுச்சின்னமாக அறிவித்த தேவாலய வளாகத்தில், மேற்பகுதியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கீழடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உளுத்த தடிகளை மட்டும் மாற்றிய உருமாற்றத் தேவாலயச் சீரமைப்பு 2020இல் நிறைவுற்றது. கோடையில் பெட்ரோசவோட்ஸ்க் நகரிலிருந்து விரைவுப் படகில் தீவை அடையலாம்.