கலோரியைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா?

சர்க்கரை நோய் வந்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரைதான் என்ற எண்ணத்தைப் பிரிட்டனில் நடந்த இரண்டு முயற்சிகள் அசைத்துவிட்டன. ஒன்று, நியூகாசிலைச் சேர்ந்த ராய் டெய்லரும் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக் லீனும் நடத்திய 'டைரக்ட்' ஆய்வு. மற்றது, சவுத்போர்ட்டில் பொது மருத்துவரான டேவிட் அன்வின் 2013 முதல் தம் நோயாளிகளிடம் கையாண்டுவரும் மாவுச்சத்து குறைந்த உணவு. இரண்டும் டைப் 2 சர்க்கரை நோய்க்கானவை.

டைரக்டின் வழி கடுமையானது. மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாடே கிடையாது. கரைத்துக் குடிக்கும் மாவும் சூப்பும் மட்டும்தான், நாளுக்கு 825 முதல் 853 கலோரி. சர்க்கரை மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்தால் இன்சுலின் மறுபடி வேலை செய்யும் என்பது டெய்லரின் கருத்து. ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமலே, மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் 4 சதவீதம்தான். 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களை மட்டும் பார்த்தால் 86 சதவீதம்.

அன்வின் பட்டினி போடவில்லை. ரொட்டி, உருளைக்கிழங்கு, சோறு, சர்க்கரை ஆகியவற்றைக் குறைத்து, முட்டை, மீன், இறைச்சி, கீரை, காய்கறிகளால் வயிற்றை நிரப்பச் சொன்னார். 150 கிராம் பாஸ்மதிச் சோறு, ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் ஏறக்குறைய 10 தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம் என்று படம் போட்டுக் காட்டினார். சாம்பாருக்கு, ரசத்துக்கு, தயிருக்கு என்று மூன்று முறை சோறு போட்டுக்கொள்ளும் நாம் அந்தப் படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 2023-ல் அவர் வெளியிட்ட கணக்கில், இந்த உணவுக்கு மாறிய 186 பேரில் 51 சதவீதத்தினர் மருந்தில்லாமல் அதே எல்லைக்குள் இருந்தனர். அவர்கள் இதைக் கடைப்பிடித்த காலம் சராசரியாக 33 மாதம்.

51 பெரிது, 46 சிறிது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டைரக்டில் எந்த மருத்துவரின் நோயாளிகளுக்கு எந்தச் சிகிச்சை என்பது முன்கூட்டியே குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. அன்வினிடம் வந்தவர்களோ தாங்களே விரும்பி மாறியவர்கள். ஆர்வம் உள்ளவர் பிழைத்துக்கொள்வார் என்ற ஐயத்துக்கு அங்கே இடமுண்டு. சான்று என்ற வகையில் டைரக்டே வலுவானது.

இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாதாடுவோர் கவனிக்காத ஒன்று உண்டு. டைரக்டின் பானத்தில் கலோரியில் 59 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. விகிதம் பெரிதாகத் தெரிந்தாலும், மொத்தமே 850 கலோரி என்பதால் நாளுக்குச் சுமார் 125 கிராம்தான் தேறும். மாவுச்சத்து குறைந்த உணவு என்று பலரும் சொல்லும் 130 கிராம் எல்லைக்குள் அதுவும் அடங்கிவிடுகிறது! அன்வினின் நோயாளிகளும் சராசரியாகப் பத்துக் கிலோ எடை இழந்தார்கள். ஆக, பெயர் வேறானாலும் உடம்புக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றே.

வேறுபாடு, பிறகு வாழும் முறையில்தான். டைரக்டில் நோய் தணிந்திருந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் 36 சதவீதமாகக் குறைந்தார்கள். ஐந்தாண்டுவரை பின்தொடர்ந்த குழுவில் மிஞ்சியது 13 சதவீதம். பானத்தை நிறுத்தியதும் பழைய தட்டு திரும்பிவிடுகிறது. அன்வினின் வழியோ தட்டையே மாற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர அதுவே ஏற்றது என்பது என் முடிவு.

காலம் தாழ்த்துவது எந்த வழியிலும் பாதகமே. நோய் வந்து ஓராண்டுக்குள் மாறியவர்களில் 77 சதவீதத்தினருக்கு அன்வினின் உணவு பலித்தது. 15 ஆண்டுக்கு மேலானவர்களில் 20 சதவீதத்தினருக்கே பலித்தது. எனவே, அண்மையில் சர்க்கரை கண்டறியப்பட்டவர்கள் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே இதைக் கேளுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம். மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே தட்டை மாற்றுங்கள்.